மகள் சொல்லும்வரை

போன மாதம், முந்திக் கைலாய யாத்திரை நடத்திய பரமண்ணையின் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். கொரோனாவோடு மூடிக் கிடந்த கைலாயப் பாதை திரும்பத் திறந்துவிட்டதாம். புதிதாகச் சில பிள்ளைகளை வழிகாட்டிகளாகச் சேர்த்திருக்கிறார்களாம். "ஒருக்கா வந்து அவையோடை கதையுங்கோ அக்கா. பழைய ஆக்களிலை நீங்கள் ஒராள்தான் இப்ப மிச்சம்" என்றான். மிச்சம் என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆனாலும் போனேன்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில்தான் அந்தப் பயண முகவர் நிலையம். கீழே புடவைக்கடை, பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை. எந்த யாத்திரைக் கூட்டம் வைத்தாலும் சனத்தின் மூக்கு இறைச்சி போட்ட கொத்தின் பக்கம்தான் இழுபடும். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். இப்போது மலையில் எல்லா இடமும் சிக்னல் இருக்கிறது, ஹெலிகொப்டர் இருக்கிறது, ஒக்சிசன் அளவு கைக்கடிகாரத்திலேயே தெரிகிறது என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். கடைசியில் இங்கே பிறந்த ஒரு பெண்பிள்ளை கேட்டாள்:

"அக்கா, மேலை வைச்சு ஆருக்கும் டெத் நியூஸ் வந்தா என்ன செய்யிறது? சொல்லுறதோ, விடுறதோ?"

"சொல்லுறது" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை கேட்டது முழுக் கேள்வி. நான் சொன்னது கால்வாசிப் பதில். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

முதலில் என்னைப்பற்றி. நான் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கச்சி. பெயர் திரேசா. சைவச் சனத்தைக் கைலாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேதக்காரி என்று ரொறன்ரோவில் என்னை வைத்துப் பகிடி பண்ணாத ஆளில்லை. எங்கள் பங்குச் சுவாமியும் ஒருநாள் பூசை முடிய மறித்து, "என்ன திரேசா, அங்காலை போயிட்டீங்களோ?" என்று கேட்டார். "இல்லை பாதர். அவை சிவனைப் பாக்கப் போகினம். நான் அவையின்ர மூச்சைப் பாக்கப் போறன்" என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அது சிரிப்பில்லை. அதுதான் என் வேலை.

அதற்கு முதல் முதியோர் இல்லமொன்றில் வயதானவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, மருந்து கொடுக்கிற வேலை செய்தேன். பரமண்ணையின் தாய் அங்கேதான் கடைசிக் காலத்தில் இருந்தவர். ஒருநாள் தாயைப் பார்க்க வந்த பரமண்ணை என்னைப் பார்த்து, "உமக்கு வயசுபோன ஆக்களிலை பொறுமை இருக்கு. மலை ஏறுவீரோ?" என்று கேட்டார். விசர் மனிதன் என்று நினைத்தேன். அடுத்த கோடைக்கு அவருக்குப் பின்னால் மானசரோவர்க் கரையில் சத்தி எடுத்துக்கொண்டு நின்றேன். பயிற்சி என்றால் அவ்வளவுதான். என் தலையிடியை நானே பட்டு முடித்த பிறகு மற்றவர்களின் தலையிடி எனக்கு விளங்கத் தொடங்கியது.

எங்கள் முறைகளைச் சொல்கிறேன். காலையும் பின்னேரமும் ஒவ்வொருவரின் விரலிலும் ஒக்சிசன் கருவியைக் கவ்வ வைப்போம். அந்த எண்ணை மட்டும் நம்பக்கூடாது என்பது பரமண்ணையின் சட்டம். நிலத்தில் ஒரு கயிற்றைப் போட்டு, குதிக்கால் பெருவிரலில் முட்ட அதன்மேல் நடக்கச் சொல்வோம். தள்ளாடினால் அந்த ஆள் அன்றைக்கே கீழே இறங்கவேண்டும், அழுதாலும் சரி, ஏசினாலும் சரி. ஒன்றுக்குப் போனீர்களா என்று கேட்போம். பேரப்பிள்ளைகளின் பெயரைக் கேட்போம். உயரத்தில் மூளை வீங்கினால் முதலில் போவது பெயர்கள்தான். மார்க்கம் நகரிலிருந்து வந்த ஒரு அங்கிள், "கெவினோ, கார்வினோ, என்னவோ ஒரு வின்" என்றார். பதறிப்போய் இறக்கப் பார்த்தேன். அவர் மனிசி, "விடும் பிள்ளை, உவருக்குக் கனடாவிலையும் உதுதான் கதி" என்றார்.

பரமண்ணை ஒருநாளும் குரல் உயர்த்திக் கண்டதில்லை. எதற்கும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சோ?" என்பதுதான். விமானம் ரத்தானாலும் சாப்பிட்டாச்சோ, குதிரைக்காரன் பாதிவழியில் விட்டுவிட்டுப் போனாலும் சாப்பிட்டாச்சோ. எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் படபட என்று கதைக்கிறவள். அவர் ஒரு வசனம் முடிப்பதற்குள் ஒரு தேத்தண்ணி ஆறிவிடும்.

இழவுச் செய்திக்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. யாத்திரைக்காரருக்கு வீட்டிலிருந்து அப்படி ஒரு செய்தி வந்தால் ஒளிக்கக்கூடாது. வழிகாட்டி தானே போய்ச் சொல்லவேண்டும், ஆள்விட்டுச் சொல்லக்கூடாது. முதலில் ஒக்சிசனைப் பார்த்து, இருக்க வைத்து, சூடாக ஏதும் வயிற்றுக்குக் கொடுத்துவிட்டுச் சொல்லவேண்டும். "தவறிட்டார், மோசம் போனார் எண்டு சுத்தி வளைக்காதை பிள்ளை. செத்துப்போனார் எண்டு சொல்லு. சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்திலை இரு" என்பார். வாயை மூடுகிற பகுதிதான் எனக்குக் கஷ்டம்.

ஏன் அப்படி என்று ஒருமுறை கேட்டேன். சாப்பிட்டாச்சோ என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அவர் ஐரோப்பாவில் அகதி முகாமில் இருந்தபோது ஊரில் தகப்பன் செத்துப்போனார். தனிய இருக்கிற பெடியன் ஏதும் செய்துவிடுவான் என்று வீட்டார் ஒளித்துவிட்டார்கள். இவர் காசு சேர்த்து ஊர்க் கடைக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம், அப்பா தோட்டத்துக்குப் போயிட்டார் என்று தமையன் சொல்லுவாராம். "செத்த மனிசனை நான் ஒரு வருசமாச் சுகம் விசாரிச்சிருக்கிறன். இழவு ஆருக்கு உரியதோ அவையிட்டைக் குடுத்திட வேணும். அது அவையின்ர சொத்து" என்றார். 

இனிப் புவனமக்காவின் கதை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர் போன மாரியில் காலமாகிவிட்டார். இதை எழுதலாமா என்று அவருடைய மகளைக் கேட்டேன். நான் சொன்ன முழுவதையும் கேட்டாள். பிறகு "எழுதுங்கோ அக்கா" என்றாள்.

கைலாயம் போகவேண்டும் என்று ஆசைப்பட்டவர் உண்மையில் அவருடைய மனிசன் சோமண்ணை. பேக்கரியில் மாடாய் உழைத்து ஓய்வெடுத்தவர். இருவருக்கும் சேர்த்துத்தான் பதிந்தார்கள். பிறகு சோமண்ணைக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரியவந்தது. புவனமக்கா பயணத்தை விட்டுவிடத்தான் நினைத்தார். சோமண்ணை விடவில்லை. "ரெண்டு பேரும் வீட்டிலை இருந்து ஆளையாள் பாத்து என்ன கண்டது? நீ போய்ச் சுத்திப்போட்டு வா" என்று துரத்தினாராம். டொக்டரும் இந்தக் கோடை தாண்டும் என்று சொல்லியிருந்தார். அதனால் புவனமக்கா ஒரு நேர்த்தி வைத்தார்: குதிரை ஏறாமல் கால்நடையாக மலையைச் சுற்றி வருவேன், அவரை எனக்குத் தா என்று. விமான நிலையத்திலேயே என்னிடம் சொல்லிவிட்டார். "திரேசா, நான் ஊர் பாக்க வரேல்லை. அலுவலா வாறன்."

சோமண்ணைக்கென்று வாங்கிய தடித்த குளிர்ச்சட்டையைத்தான் அவர் போட்டிருந்தார். கை நீளம். மடித்து மடித்து விட்டிருந்தார்.

எமத்துவாரம் என்று ஒரு வாசல் இருக்கிறது. மலையைச் சுற்றுகிறவர்கள் அதற்குள்ளால் நுழைந்துதான் நடக்கத் தொடங்குவார்கள். அன்று காலை நாங்கள் அதைக் கடந்து, பின்னேரம் டேராபுக் என்ற முதல் தங்குமடத்துக்கு வந்து சேர்ந்தோம். கைலாயத்தின் வடக்கு முகம் முழுதாகத் தெரிகிற இடம். சனம் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொருவராக விரலைப் பிடித்து எண் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் சீன சிம் போட்ட போன் அடித்தது. அந்த நாளில் எங்கள் குழுவில் வேலை செய்கிற போன் அது ஒன்றுதான்.

எடுத்தது புவனமக்காவின் மகள் சுபா. எங்களுக்குப் பின்னேரம் என்றால் கனடாவில் விடியப்புறம்.

"அக்கா, அப்பா போயிட்டார்."

"எப்ப பிள்ளை?"

"இப்பதான். இரவு முழுக்கப் பக்கத்திலைதான் இருந்தனான். ஒரு கோப்பி எடுக்கக் கீழை போனனான், வாறதுக்கிடையிலை." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். "அம்மாட்டைச் சொல்லாதேங்கோ. பிளீஸ் அக்கா. அம்மா இதை முடிக்கவேணும். அப்பாவும் அதைத்தான் விரும்பினவர். நாங்கள் பொடியை பியூனரல் ஹோமிலை வைச்சிருக்கிறம். எயார்போட்டிலை நானே சொல்லுறன். நான்தான் சொல்லவேணும்."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. "பிள்ளை, நீ முதல் ஏதும் சாப்பிடு" என்றேன். பரமண்ணை மாதிரிக் கதைக்கிறேனே என்று அந்த நேரத்திலும் எனக்கே தெரிந்தது.

சுபா சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மகள் அவள், நான் யார்? ஆனால் பரமண்ணை, 'அப்பா தோட்டத்துக்குப் போயிட்டார்' என்ற அந்தக் கதையைச் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்தவள் நான். சூப் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு புவனமக்காவின் அறைக்குப் போனேன். மற்றவர்கள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கட்டிலில் இருந்து காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். விரலைப் பார்த்தேன். எண்பத்திரண்டு. அந்த உயரத்துக்கு மோசமில்லை. சூப்பைக் குடிக்கச் சொன்னேன்.

"என்ன திரேசா, இண்டைக்குப் பரமு மாதிரிச் சாப்பாடு விசாரிக்கிறீர்?"

அவர் பாதி குடிக்கும்வரை இருந்தேன். பிறகு சொன்னேன். "அக்கா, சோமண்ணை செத்துப்போனார். விடியப்புறம், ஆஸ்பத்திரியிலை. சுபா இப்ப எடுத்தவள்."

அவர் என்னைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். மிச்சச் சூப்பையும் குடித்து முடித்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"நாங்கள் எமத்துவாரம் தாண்டேக்கை அவர் இருந்தவரோ?"

நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். "ஓம் அக்கா. அப்ப இருந்தவர்."

"சரி" என்றார். பிறகு கிண்ணத்தை நிலத்தில் வைத்துவிட்டு, "இனி நான் சுத்தேலாது. துடக்கு" என்றார்.

சைவ வீடுகளில் நெருங்கிய ஒருவர் செத்தால் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை கோயில் வாசல் மிதிக்கமாட்டார்கள். இந்த மலையோ அவர்களுக்குக் கோயிலுக்குள் கோயில். அவரை மட்டும் முன்னதாகக் கனடாவுக்கு அனுப்பலாமென்றால் அதற்கும் வழியில்லை. சீனாக்காரன் குழு முழுவதுக்கும் ஒரே விசாத் தாள்தான் தருவான். சேர்ந்து உள்ளே போனவர்கள் சேர்ந்துதான் வெளியே வரலாம். ஆக, அவர் திரும்பிக் கீழே போனாலும் அடிவாரத்து ஊரான டார்ச்சனில் ஒரு குளிர் அறையில் தனிய இருந்து, நாங்கள் சுற்றி முடித்து வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மனிசனும் இல்லை, நேர்த்தியும் இல்லை.

இதையெல்லாம் அவருக்கு விளங்கப்படுத்தினேன். வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. எனக்கு முடியவில்லை. அதோடும் நிற்காமல், "எங்கட வேதத்திலை துடக்கெண்டு ஒண்டில்லை அக்கா" என்றேன். கண்டறியாத ஆறுதல்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓம். நீர் வேதக்காரியல்லோ" என்றார். பிறகு, "சுபா எனக்குச் சொல்லச் சொல்லியோ உமக்குச் சொன்னவள்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "இல்லையக்கா. சொல்லவேண்டாம் எண்டவள். எயார்போட்டிலை தான்தான் சொல்லவேணுமாம்."

அதன்பிறகு அவர் இருந்த இருப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. வெளியே யாரோ அரோகரா சொல்கிற சத்தம் வந்து வந்து போனது. சோமண்ணையின் சட்டைக் கையை விரித்துத் திரும்ப மடித்தார். பிறகு, தீர்ப்புச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"அப்ப எனக்கு இன்னும் இழவு சொல்லேல்லை."

கிண்ணத்தை எடுக்கக் குனிந்த நான் நிமிர்ந்தேன்.

"எங்கட ஊரிலை இழவு சொல்லுறதுக்கு ஒரு முறை இருக்கு திரேசா. உரித்தான ஆள் வந்து வாசலிலை நிண்டு சொல்லவேணும். சொல்லாத செத்தவீட்டுக்கு ஒருத்தரும் போறேல்லை. தெருவிலை கேள்விப்பட்டது கணக்கில்லை. நீர் பிறத்தி, வெளி ஆள். உம்மிலை எனக்கு நல்ல விருப்பம், ஆனால் நீர் பிறத்தி. நீர் சொல்லித் துடக்கு வராது. என்ர பிள்ளை சொல்லுமட்டும் அந்த மனிசன் இருக்கிறார். நான் நாளைக்கு நடக்கிறன்."

இப்படி ஒரு சாத்திரம் உண்டா என்று பிறகொருநாள் றிச்மண்ட் ஹில் பக்கத்தில் ஒரு ஐயரிடம் கேட்டேன். ஆர் சொன்னாலும் காதில் விழுந்தால் துடக்குத்தான் என்றார். கேட்காமலே விட்டிருக்கலாம்.

"நீர் ஒருத்தரிட்டையும் மூச்சு விடக்கூடாது" என்றார் புவனமக்கா. "சுபாவுக்கும்தான்."

"சுபாவுக்கு ஏனக்கா?"

"அவள் தேப்பனையும் பறிகுடுத்துப்போட்டு, எனக்காண்டி அங்கை தனிய நிண்டு வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறாள். அது வீணாப் போச்செண்டு அவளுக்குத் தெரியக்கூடாது."

விடிய வெளிக்கிடும்போது பார்த்தேன். ஒரு கைக்கண்ணாடியை யன்னல் விளிம்பில் சாய்த்துவைத்து, நெற்றியில் குங்குமத்தை வட்டமாக, வடிவாக வைத்துக்கொண்டிருந்தார்.  

பரமண்ணை போனில் வந்தார். செத்தவீட்டுச் செய்தி ஸ்காபரோவில் அதற்குள் பரவிவிட்டது; குழுவிலுள்ளவர்களின் வீட்டாரை வாய் திறக்கவேண்டாமென்று சுபா கேட்டிருந்தாளாம். "சொன்னியோ?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிட்டாச்சோ என்று கேட்கவில்லை. நான் வேலை செய்த காலத்தில் அவர் அதைக் கேட்காத நாள் அது ஒன்றுதான். "அப்ப நடக்கட்டும்" என்றார். "ஆனால் பிள்ளை, அழுகையை அடக்கிக்கொண்டு ஏறினா மூச்சு எடுபடாது. நீ அவவுக்குப் பக்கத்திலை நட."

டோல்மாக் கணவாய்தான் சுற்றின் உச்சி. ஐந்தாறு அடி வைப்பதும் நிற்பதுமாக ஏறவேண்டிய ஏற்றம். பாதிவழியில் புவனமக்காவின் உதடு நீலம் பாரித்துவிட்டது. விரலைப் பிடித்துப் பார்த்தேன், எண் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கல்லில் இருத்தி ஒக்சிசனைப் பிடித்தேன். தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது அவருக்கு. அது என்னவென்று எனக்குத் தெரியும்.

"அழுதிடுங்கோ அக்கா. ஒருத்தரும் பாக்கேல்லை. அழுதாத்தான் மூச்சு வரும்."

முகமூடியை விலக்கிவிட்டுச் சொன்னார். "அழுதா எனக்குச் சொன்னதாப் போயிடும்."

நான் அவரைத் திருப்பி இறக்கியிருக்கலாம். அது என் அதிகாரம். கயிறு போட்டு நடக்கச் சொன்னேன். தள்ளாடாமல் நடந்தார். சுபாவின் பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன். சரியாகச் சொன்னார். கடைசியாக, "அண்ணைக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ, என் வாய் அப்படி. "மனிசன்ர பேரை நாங்கள் சொல்லுறேல்லை" என்றார். சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம். எழும்பி நடந்தார்.

உச்சியில் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. எங்கள் குழுவில் கந்தையா மாஸ்டர் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்ல மனிதர், தேவாரம் பாடினால் கல்லும் கேட்கும். கற்பூரம் கொளுத்திப் பார்த்தார், காற்றுக்கு நிற்கவில்லை. "பரவாயில்லை, பாட்டாலை கும்பிடுவம்" என்றார். பிறகு திரும்பி எல்லாரையும் கூப்பிட்டார். "இஞ்சை நாங்கள் எங்களுக்கெண்டு ஒண்டும் கேக்கவேண்டாம். புவனத்தின்ர அவர் அங்கை வருத்தமாக் கிடக்கிறார். அவருக்குச் சுகம் வரவேணுமெண்டு எல்லாரும் சேர்ந்து ஒரு பதிகம் பாடுவம்."

எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். மூச்சு வாங்க வாங்கப் பாடினார்கள். செத்துப்போன ஒரு மனிதனுக்கு ஆயுள் கேட்டு, அந்தக் குளிருக்குள், தங்களுக்கென்று ஒரு வரம்கூடக் கேட்காமல் பாடினார்கள். புவனமக்கா கை கூப்பிக்கொண்டு கண்ணை மூடி நின்றார். நான் ஒரு பாறைக்குப் பின்னால் போய் என் செபமாலையை உருட்டினேன்.  பாடி முடிய ஒவ்வொருவராக வந்து, "ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, அவர் எழும்பி நடப்பார்" என்றார்கள். "ஓம், ஓம்" என்று அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

அன்று பின்னேரம் இரண்டாவது தங்குமடத்தில் இருக்கும்போது சுபா எடுத்தாள். "அம்மாட்டைக் குடுங்கோ அக்கா. கதைக்காட்டி யோசிப்பா" என்றாள். கொடுத்தேன். அந்தச் சின்ன அறையில் தள்ளிப்போக இடமில்லை. போனிலிருந்து சுபாவின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, மலை ஏறிட்டீங்களோ?"

"ஏறி இறங்கிட்டன் பிள்ளை. நடந்துதான். அப்பாட்டைச் சொல்லு."

"ஓம் அம்மா. சொல்லுறன்."

"அப்பா எழும்பிட்டாரோ?"

"இல்லையம்மா. நித்திரை."

"எழுப்பாதை பிள்ளை. நித்திரை கொள்ளட்டும்" என்றார் புவனமக்கா. "அவருக்குக் கால் குளிரும். போர்வையைக் கொஞ்சம் இழுத்து விடு."

"ஓம் அம்மா."

"நீ சாப்பிட்டனியோ?"

"ஓம் அம்மா."

தாய்க்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். ஆளுக்காள் தெரியாத மாதிரி அந்த மனிதனுக்குப் போர்வை போர்த்திவிட்டார்கள். போனை என்னிடம் தந்துவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அன்றைக்குத்தான் முதல்முதலாக வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

சுற்றை முடித்தார். முழுவதும் கால்நடை. மற்றவர்கள் ஆளையாள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர் மலையின் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாகனத்தில் ஏறினார். திரும்பி வருகிற வழியெல்லாம் ஒவ்வொரு காலையும் குளித்து, குங்குமம் வைத்து, தாலிக்கொடியைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டார். முன்பு அதை உள்ளேதான் போட்டிருந்தார். காத்மாண்டுவில் சனம் உருத்திராட்சம் வாங்கப் போனபோது, அவர் சுபாவின் பிள்ளைகளுக்கு உடுப்பு வாங்கினார். ஆண்கள் போடுகிற சேட்டு ஒன்றையும் கையில் எடுத்து விரித்து, அளவு பார்த்து, திரும்ப மடித்து வைத்தார். கடைக்காரன் விலை குறைத்துச் சொன்னான். வேண்டாமென்று தலையாட்டினார்.

விமானத்தில் என் பக்கத்தில் இருந்தார். ரொறன்ரோ கிட்டக் கிட்ட, "இனிக் கொஞ்ச நேரம்தான்" என்றார். என்னிடம் சொன்னாரோ தனக்குத் தானே சொன்னாரோ தெரியாது. நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். விரலில் கருவி இல்லாமல் அந்தக் கையை நான் பிடித்தது அதுதான் முதல்தடவை.

யாத்திரைக்காரரை அவரவர் வீட்டாரிடம் கைகாட்டி ஒப்படைத்த பிறகுதான் வழிகாட்டி வெளிக்கிடலாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சனம் மாலையும் பூவுமாக நின்றது. மானசரோவர்த் தண்ணீர்ப் போத்தல்கள் கைமாறின. ஒரு தூணோடு சுபாவும் மருமகனும் நின்றார்கள். சுபா முகத்துக்குப் பவுடர் பூசி, சிவப்பில் ஒரு சட்டை போட்டிருந்தாள். தாய் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக.

"அம்மா, வாங்கோ. காருக்குள்ளை போய்க் கதைப்பம்."

"என்ன பிள்ளை?"

"அப்பா கொஞ்சம் சீரியஸ்."

நம் சனம் அப்படித்தான். செத்தவரைச் செத்தார் என்று சொல்ல வாய் வராது. சீரியஸ் என்பார்கள். கேட்கிறவருக்கும் அப்போதே விளங்கிவிடும். ஆனாலும் புவனமக்கா அசையவில்லை. பெட்டி வண்டிலைப் பிடித்தபடி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியாச் சொல்லு பிள்ளை. நீதான் சொல்லவேணும்."

சுபா தாயின் இரண்டு கையையும் பிடித்தாள். "அப்பா செத்துப்போனார் அம்மா."

புவனமக்கா அந்த இடத்திலேயே, பெட்டிகளுக்கு நடுவில், நிலத்தில் குந்திவிட்டார். "என்ர ராசா" என்று ஒரு குரல் வந்தது. அந்தப் பெரிய மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாலையோடு நின்ற சனம் மாலையைத் தாழ்த்தியது. கந்தையா மாஸ்டர் ஓடிவந்தார், விளங்கிக்கொண்டு தலையில் கை வைத்தார். புவனமக்கா நெஞ்சில் அடித்து அடித்து அழுதார். நடிப்பில்லை, ஒரு சொட்டும் நடிப்பில்லை. மலை முழுக்கச் சுமந்து வந்ததைக் கொண்டுவந்து அந்த இடத்தில் இறக்கினார். இப்போதுதான் அவர் விதவை. சுபாவும் அவருக்குப் பக்கத்தில் இருந்து, பவுடர் எல்லாம் கரைய அழுதாள். தாயும் மகளும் சேர்ந்து அழ அதுவரை அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

நான் தள்ளி நின்றேன். எனக்கும் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

மருமகன் புவனமக்காவைத் தாங்கிக் காருக்குக் கொண்டுபோக, சுபா பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சந்தேகம் இருந்ததோ, இல்லையோ.

"அக்கா, நீங்கள் அங்கை வைச்சு அம்மாட்டைச் சொல்லேல்லைத் தானே?"

"இல்லைப் பிள்ளை" என்றேன். "நீதான் முதல் சொன்னனீ."